சார்ட்டர் ஜெட்டில் துணை விமானி வேலை: எவ்வளவு அனுபவம் வேண்டும்?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளில், மருத்துவம், பொறியியலோடு இப்போது விமானி படிப்பும் சேர்ந்துவிட்டது. நம் சமுதாயக் குடும்பங்கள் இதில் ஆர்வம் காட்டுவது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் நம்மைக் கவலைப்பட வைக்கும் ஒரு காட்சியும் உண்டு. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, வளைகுடாவில் தந்தை பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டி உரிமம் வாங்கிய பிள்ளை, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பெரிய விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும் இவர்களிடம் யாராவது ஒருவர், "சார்ட்டர் கம்பெனியில் முயற்சி செய்யுங்கள், அங்கே அனுபவம் குறைவாக இருந்தாலும் எடுப்பார்கள்" என்று சொல்லிவிடுகிறார்.

இது பாதி உண்மை. சார்ட்டர் ஜெட்டில் துணை விமானியாக அமர சட்டம் கேட்கும் அனுபவம் வேறு. வேலை கொடுப்பவர் கேட்கும் அனுபவம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவழித்தவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த இடைவெளி எவ்வளவு, அதை எப்படிக் கடப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சார்ட்டர் என்றால் என்ன?

குறிப்பிட்ட நேர அட்டவணைப்படி பறக்காமல், வாடிக்கையாளர் கேட்கும் நாளில், கேட்கும் ஊருக்கு, முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்துப் பறப்பதே சார்ட்டர். இந்தியாவில் இந்த நிறுவனங்கள் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் 'நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட்' என்ற அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். தொழிலதிபர்கள், தேர்தல் நேரத்தில் அரசியல் தலைவர்கள், அவசர சிகிச்சைக்கு ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்படும் நோயாளிகள் என்று பயணிகள் பல வகை.

விமானங்களும் பல வகை. இரண்டு புரொப்பல்லர் கொண்ட கிங் ஏர், சிறிய ஜெட்டான சிடேஷன், நடுத்தர ஜெட்டான ஹாக்கர், கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் ஃபால்கன், கல்ஃப்ஸ்ட்ரீம், குளோபல் என்று வரிசை நீள்கிறது. ஒரு நிறுவனத்திடம் நூற்றுக்கணக்கில் விமானங்கள் இருக்காது. ஒன்று, இரண்டு விமானங்களை மட்டும் வைத்து நடத்துபவர்களும் உண்டு. ஆள் எடுப்பதில் சார்ட்டர் நிறுவனம் ஏன் வேறு மாதிரி யோசிக்கிறது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சட்டம் கேட்பது என்ன?

இந்தியாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்ட 'கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்', சுருக்கமாக சி.பி.எல்., வேண்டும். அதற்கான முக்கிய நிபந்தனைகள் இவை:

- குறைந்தது 18 வயது.
- பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம். இந்தப் பாடங்களை எடுக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அவற்றை மட்டும் தனியாக எழுதித் தேர்ச்சி பெறுவது வழக்கமாக உள்ளது. இந்த நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பேச்சு நடப்பதால், சேரும் நேரத்தில் டி.ஜி.சி.ஏ. அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.
- முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று.
- வழிகாட்டல், வானிலை, விமானச் சட்டங்கள், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் எழுத்துத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான உரிமம் தனி.
- மொத்தம் 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக இருந்து பறந்திருக்க வேண்டும். தொலைதூரப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, இரவுப் பறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறைந்தபட்ச மணி நேரங்கள் உண்டு.

இவற்றோடு, கருவிகளைக் கொண்டு மேகத்துக்குள்ளும் பறக்கத் தகுதி தரும் 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்', இரட்டை எஞ்சின் விமானத்தில் பயிற்சி ஆகிய இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். இவை இல்லாத சி.பி.எல்.லை வைத்துக்கொண்டு ஜெட் பக்கம் போக முடியாது.

அடுத்தது 'டைப் ரேட்டிங்'. கார் ஓட்டும் உரிமம் இருந்தால் எந்தக் காரையும் ஓட்டலாம். ஜெட் விமானம் அப்படியல்ல. ஒவ்வொரு ரக ஜெட்டுக்கும் தனியாக வகுப்பும் சிமுலேட்டர் பயிற்சியும் முடித்துச் சோதனையில் தேறி, அந்த ரகத்தின் பெயரை உரிமத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஹாக்கருக்கு வாங்கிய டைப் ரேட்டிங் சிடேஷனுக்குச் செல்லாது. ஏர்பஸ் ஏ320க்கு வாங்கியது இரண்டுக்குமே செல்லாது.

ஆக, 200 மணி நேரம், சி.பி.எல்., இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் தகுதி, குறிப்பிட்ட ஜெட்டுக்கான டைப் ரேட்டிங். இவை இருந்தால், நிறுவனம் தரும் பயிற்சியையும் சோதனைப் பறப்பையும் முடித்து வலது பக்க இருக்கையில் அமரலாம். சட்டம் இத்துடன் நின்றுவிடுகிறது. வேலை தருபவரின் கேள்விகள் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன.

அமெரிக்காவின் கணக்கு

உலகிலேயே தனி ஜெட்கள் அதிகம் பறக்கும் நாடு அமெரிக்கா. அங்குள்ள விதிகளைத் தெரிந்துகொண்டால், சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் புரியும்.

அங்கே வழக்கமான வழியில் சி.பி.எல். பெற 250 மணி நேரம் வேண்டும். சார்ட்டர் நிறுவனங்களுக்கான விதித் தொகுப்பை 'பகுதி 135' என்பார்கள். அதன்படி துணை விமானிக்கு சி.பி.எல்.லும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இருந்தால் போதும். தனியாக மணி நேர வரம்பு இல்லை. கேப்டனுக்கோ, மோசமான வானிலையில் கருவிகளை நம்பிப் பறக்க 1200 மணி நேரம் வேண்டும். பயணிகளை ஏற்றிய ஜெட் என்றால், 1500 மணி நேரம் கேட்கும் உயர்நிலை உரிமமே வேண்டும்.

பெரிய விமான நிறுவனங்களின் துணை விமானிகளுக்கும் அங்கே 2013 முதல் பொதுவாக 1500 மணி நேரம் கட்டாயம். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததை அடுத்து வந்த சட்டம் அது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த விமானத்தின் கேப்டன், துணை விமானி இருவருமே 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்தான். வேகம் குறைந்து விமானம் நிலை இழக்கும் நேரத்தில் செய்ய வேண்டியதற்கு நேர்மாறானதைக் கேப்டன் செய்தார் என்பதே விசாரணையின் முடிவு. மணி நேரம் ஓர் அளவுகோல். அது மட்டுமே திறமை ஆகிவிடாது.

விமான நிறுவனக் கதவு 1500 மணி நேரத்தில்தான் திறக்கும் என்பதால், அங்கே இளைஞர்கள் பலர் நடுவழியில் சார்ட்டர் வேலையைத் தேடுகிறார்கள். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் சட்டப்படி 250 மணி நேரம் போதும் என்றாலும், பல நிறுவனங்கள் அதைவிடப் பல மடங்கு அனுபவம் உள்ளவர்களையே எடுக்கின்றன.

நிறுவனம் ஏன் கூடுதலாகக் கேட்கிறது?

முதல் காரணம், காப்பீடு. பல கோடி ரூபாய் மதிப்புள்ள ஜெட்டுக்குக் காப்பீடு தரும் நிறுவனம், "இந்த விமானத்தை ஓட்டுபவர்களுக்கு மொத்தம் இவ்வளவு மணி நேரம், இந்த ரகத்தில் இவ்வளவு மணி நேரம் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை விதிக்கலாம். அரசு அனுமதித்தாலும் காப்பீட்டு நிறுவனம் அனுமதிக்காவிட்டால், விமானத்தின் உரிமையாளர் அந்தப் பிள்ளையை எடுக்க மாட்டார்.

இரண்டாவது, கேப்டனின் சுமை. பெரிய விமான நிறுவனத்தில் பின்னால் ஒரு படையே இருக்கும். வானிலை பார்க்க, எரிபொருள் கணக்குப் போட, எடை சமநிலை பார்க்க, பெட்டிகளை ஏற்ற தனித்தனி ஆட்கள். சார்ட்டரில் பெரும்பாலும் எல்லாம் அந்த இருவர் தலையில்தான். அன்று போகும் விமான நிலையத்துக்குக் கேப்டனே முதல் முறையாகப் போகிறவராக இருக்கலாம். ஓடுபாதை சிறியதாக இருக்கலாம். மாலைக்கு மேல் விளக்கு வசதி இல்லாத நிலையமாகவும் இருக்கலாம். இந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேப்டனே பாடம் எடுக்க வேண்டி வந்தால், காக்பிட்டில் ஒரே ஒரு விமானி இருப்பதற்குச் சமம்.

இது வெறும் பேச்சல்ல. 2017 மே மாதம் அமெரிக்காவின் டீட்டர்பரோ விமான நிலையத்தில் தரையிறங்க வந்த லியர்ஜெட் 35ஏ ரக சார்ட்டர் ஜெட் விழுந்து நொறுங்கியது. பயணிகள் யாரும் இல்லை. இரண்டு விமானிகளும் இறந்தனர். விசாரணையில் வெளிவந்த உண்மை நெஞ்சைச் சுடுகிறது. அந்த நிறுவனம் தன் துணை விமானிகளை அனுபவத்தை வைத்து வகைப்படுத்தியிருந்தது. இறந்த துணை விமானி அதில் அடிநிலையில் இருந்தவர். விமானத்தைத் தன் கையால் ஓட்ட அவருக்கு நிறுவனம் அனுமதி தரவில்லை. ஆனாலும் அன்று பெரும்பாலான தூரம் அவர்தான் ஓட்டினார். கேப்டன் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். பலத்த காற்றில், ஓடுபாதையை நோக்கித் தாழ்வாகத் திரும்ப வேண்டிய கடினமான நேரத்தில் பொறுப்பு கை மாறியது. வேகம் குறைந்தது, விமானம் நிலை இழந்தது.

பிள்ளைக்கு எப்படியாவது ஒரு ஜெட்டில் இடம் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் பெற்றோர் இந்தச் சம்பவத்தை நினைவில் வைக்க வேண்டும். அனுபவம் கேட்பது நம் பிள்ளைகளைத் தடுக்கப் போட்ட வேலி அல்ல. அவர்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவும்தான்.

எந்த மணி நேரத்துக்கு மதிப்பு?

விண்ணப்பத்தில் "மொத்தம் 350 மணி நேரம்" என்று ஒரே எண்ணாக எழுதினால், ஆள் எடுப்பவர் அதைப் பிரித்துத்தான் பார்ப்பார்.

பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம்: தானே முடிவெடுத்துப் பறந்ததற்கான சான்று இது.

இரட்டை எஞ்சின் நேரம்: ஒரு எஞ்சின் நின்றால் கையாளத் தெரியுமா என்பதற்கு இதுவே அடிப்படை. ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் சேர்த்த மணி நேரம் இதற்கு ஈடாகாது.

கருவிப் பறப்பு நேரம்: சிமுலேட்டரில் செய்தது எவ்வளவு, உண்மையான மேகத்துக்குள் செய்தது எவ்வளவு என்று கேட்பார்கள்.

டர்பைன் நேரம்: கிங் ஏர் போன்ற டர்போபிராப் அல்லது ஜெட்டில் பறந்த நேரம். சார்ட்டர் உலகில் மிக அதிக மதிப்பு இதற்குத்தான். இதில் சில நூறு மணி நேரம் உள்ளவர் வரிசையில் முன்னால் போய்விடுவார்.

அதே ரகத்தில் பறந்த நேரம்: நிறுவனம் வைத்திருக்கும் ரகத்திலேயே ஏற்கெனவே பறந்திருந்தால், பயிற்சிச் செலவு நிறுவனத்துக்கு மிச்சம்.

அண்மையில் பறந்த நேரம்: இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் 200 மணி நேரம் முடித்துவிட்டு, அதன்பின் விமானத்தைத் தொடாதவரை எடுக்கத் தயங்குவார்கள். கை மறந்திருக்கும் என்பது அவர்கள் பயம், நியாயமான பயம்தான்.

வேலை கிடைக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது: "இந்த இருக்கையில் நான் பறக்கும் நேரம் என் லாக் புக்கில் செல்லுபடியாகுமா?" சிடேஷன் வகையில் சில சிறிய ஜெட்களும் கிங் ஏர் விமானமும் ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்றவை. சட்டப்படி இரண்டாவது விமானி தேவைப்படாத பறப்பில் வலது பக்கம் உட்கார்ந்திருந்தால், அந்த நேரம் கணக்கில் சேராமல் போகலாம். சேரும் முன்பே எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

200க்கும் வேலைக்கும் நடுவில்

இந்த இடைவெளியைக் கடக்க நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன.

ஒன்று, பயிற்றுநர் ஆவது. பறக்கும் பள்ளியில் உதவிப் பயிற்றுநர் தகுதி பெற்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. சம்பளம் அதிகம் இருக்காது. ஆனால் பணம் கொடுத்துச் சேர்த்த மணி நேரத்தை இப்போது பணம் வாங்கிக்கொண்டு சேர்க்கலாம். பிறர் செய்யும் தவறைத் திருத்தித் திருத்தி நம் கையும் கூர்மையாகும். அமெரிக்காவில் மிகப் பெரும்பாலோர் போகும் பாதை இது.

இரண்டு, டர்போபிராப். நேரே ஜெட்டைக் குறிவைக்காமல், கிங் ஏர் போன்ற விமானம் வைத்திருக்கும் நிறுவனத்திலோ, ஏ.டி.ஆர். ரக விமானம் ஓட்டும் வட்டார நிறுவனத்திலோ துணை விமானியாகச் சேர்வது. டர்பைன் நேரமும் இருவர் சேர்ந்து பறக்கும் பழக்கமும் ஒன்றாகக் கிடைக்கும்.

மூன்று, தரைப்பணி. சார்ட்டர் நிறுவனத்தின் செயல்பாட்டு அறையில் விமானத் திட்டம் தயாரிப்பது, அனுமதிகள் வாங்குவது போன்ற வேலையில் சேர்ந்து உள்ளிருந்தே வாய்ப்புக்குக் காத்திருப்பது. சிறிய நிறுவனத்தில் அந்தப் பையனின் குணத்தை அனைவரும் அறிந்திருப்பார்கள். இடம் காலியாகும்போது அந்த அறிமுகம் பேசும். ஆனால் இதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. பறப்புத் தகுதியும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, விமான நிறுவனம் வழியாக வருவது. பெரிய நிறுவனத்தில் சில வருடம் துணை விமானியாக இருந்துவிட்டு சார்ட்டருக்கு மாறுவோரும் உண்டு. விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று வருவோரும் உண்டு. நம் பிள்ளை ஒரே இடத்துக்கு இவர்களோடும் போட்டியிடுகிறான் என்பதை மறக்கக் கூடாது.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

சி.பி.எல். வரைக்குமே செலவு பொதுவாக அரை கோடி ரூபாயை ஒட்டிப் போய்விடுகிறது. டைப் ரேட்டிங் அதற்கு மேல். எனவே வரிசை மிக முக்கியம்.

முதலில் மருத்துவச் சோதனை. பள்ளியில் பணம் கட்டும் முன்பே இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிட வேண்டும். நிறக்குருடு இருப்பது பலருக்கு இந்தச் சோதனையில்தான் தெரிய வருகிறது. கண்ணாடி அணிவதால் மட்டும் தகுதி போய்விடாது. கண்ணாடியோடு பார்வை வரம்புக்குள் வந்தால் போதும்.

அடுத்து எழுத்துத் தேர்வுகள். முடிந்தவரை இவற்றை முடித்துவிட்டுப் பறக்கப் போனால் காலமும் விடுதிச் செலவும் மிச்சம். பறக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன், அது டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா, பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசினால் உண்மை தெரியும். உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி மத்திய அரசு சார்ந்தது. நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கிறது. திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

வெளிநாட்டில் பயிற்சி பெற்றால், அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே மருத்துவச் சான்றும் தேர்வுகளும் சோதனைகளும் தனியாக உண்டு. வெளிநாட்டு உரிமம் வாங்கியதாலேயே அந்த நாட்டில் வேலை பார்க்கும் உரிமை வந்துவிடாது. அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் இது பொருந்தும்.

கடைசியில்தான் டைப் ரேட்டிங். எவர் வேலை தருகிறாரோ அவர் எந்த விமானம் வைத்திருக்கிறாரோ, அதற்கு மட்டும் எடுக்க வேண்டும். வணிக ஜெட் சிமுலேட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, துபாய் போன்ற இடங்களில் இருப்பதால் செலவு கூடும். கையில் வேலைக் கடிதம் இல்லாமல் ஏதோ ஒரு ஜெட்டுக்கு டைப் ரேட்டிங் எடுத்துவைப்பது, பெண் பார்க்காமலேயே மண்டபத்துக்குப் பணம் கட்டுவது போல.

ஹைதராபாதைச் சேர்ந்த சையதா சல்வா ஃபாத்திமாவின் வரலாறு இங்கே பொருத்தமானது. பேக்கரித் தொழிலாளியின் மகளான அவர், நல்லுள்ளம் கொண்டோர் உதவியால் ஆந்திரப் பிரதேச விமானப் பயிற்சி நிலையத்தில் படித்து சி.பி.எல். பெற்றார். ஆனால் அதோடு வேலை கிடைத்துவிடவில்லை. இரட்டை எஞ்சின் பயிற்சிக்கும் டைப் ரேட்டிங்குக்கும் பணம் இல்லாமல் நின்றார். தெலங்கானா அரசு நிதி தந்த பிறகே அவற்றை முடித்து, பயணிகள் விமானத்தின் விமானியானார். சி.பி.எல். முடிந்ததும் செலவு முடிந்தது என்று கணக்குப் போடும் குடும்பங்களுக்கு இது பாடம். பிள்ளைகளுக்கு உதவும் ஜமாஅத் கல்வி நிதிகளும் தனவந்தர்களும் கடைசிக் கட்டம் வரை உதவினால்தான் முதலில் கொடுத்த உதவி பலன் தரும் என்பதும் இதில் உள்ளது. வட்டிக் கடன் வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் குடும்பங்கள், முதல் நாளிலேயே முழுத் தொகைக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்ற தயக்கத்துக்கும் அவர் வாழ்க்கையே பதில். பெண் விமானிகளின் விகிதம் உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஏமாறாமல் இருக்க

"இத்தனை லட்சம் கொடுத்தால் எங்கள் ஜெட்டில் 500 மணி நேரம் தருகிறோம்" என்று வலைவிரிப்பவர்கள் உலகம் முழுவதும் உள்ளனர். வேலைக்குச் சம்பளம் வாங்க வேண்டியவர் பணம் கட்டி உட்காரும் ஏற்பாடு இது. ஒப்பந்தத்தைத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

நிறுவனமே டைப் ரேட்டிங் செலவை ஏற்று, பதிலுக்கு இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவது நியாயமான வழக்கம்தான். ஆனால் இடையில் நிறுவனம் மூடப்பட்டால், விமானம் விற்கப்பட்டால் என்ன ஆகும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சார்ட்டர் நிறுவனங்களின் பட்டியலும் அவற்றிடம் உள்ள விமானங்களின் விவரமும் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் உள்ளன. இடைத்தரகர் சொல்லும் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, லாக் புக்கில் பறக்காத நேரத்தை எழுதக் கூடாது. பள்ளியில் யாராவது "எழுதிக்கொள், எல்லாரும் எழுதுகிறார்கள்" என்று சொன்னாலும் கூடாது. 2011-இல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் பெற்றதாக இந்தியாவில் விமானிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். அன்று மொத்தத் துறையுமே சந்தேகத்துக்கு ஆளானது. விமானத்தின் பதிவேடும் லாக் புக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஒருநாள் வெளிவரும். வெளிவராவிட்டாலும், இல்லாத அனுபவத்தை நம்பிப் பயணிகள் உயிரை ஒப்படைக்கிறார்கள். அது அமானிதம்.

நேர்காணலில் பார்ப்பது

சிமுலேட்டரில் ஒரு சோதனை வைப்பார்கள்: கருவிகளை மட்டும் பார்த்துத் தரையிறங்குவது, ஒரு எஞ்சின் நிற்பது. கேள்விகள் வானிலை அறிக்கையைப் படிப்பது, அணுகுமுறை வரைபடங்கள், விதிகள் ஆகியவற்றில் இருக்கும். இவற்றுக்குத் தயாராகலாம். தயாராக முடியாதது குணம்.

சார்ட்டர் துணை விமானியின் ஒருநாளை நினைத்துப் பாருங்கள். புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே வந்து வானிலை, எரிபொருள், எடை எல்லாம் பார்க்கிறார். உணவும் குடிநீரும் வந்ததா என்று கவனிக்கிறார். பயணியின் பெட்டியைத் தூக்கி வைக்கிறார். புன்னகையோடு வரவேற்கிறார். பயணி நான்கு மணி நேரம் தாமதமாக வந்தாலும் முகம் சுளிக்காமல் காத்திருக்கிறார். இறங்கியபின் கேபினைச் சுத்தம் செய்து எஞ்சினுக்கு உறை போடுகிறார். விமானத்தில் கேட்ட பேச்சை வெளியில் சொல்வதில்லை. அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. பெருநாள் காலையிலும் வரலாம்.

"நான் விமானி, பெட்டி தூக்க மாட்டேன்" என்பவருக்கு இந்தத் துறையில் இடமில்லை. "எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்பவரும், கேப்டன் தவறு செய்யும்போது "சார், வேகம் குறைகிறது" என்று துணிவாகச் சொல்பவரும் வேண்டும். பணிவும் துணிவும் ஒரே ஆளிடம் இருக்கிறதா என்பதைத்தான் அனுபவமுள்ள கேப்டன்கள் தேடுகிறார்கள்.

பிள்ளையை அனுப்பும் முன்

200 மணி நேரம் என்பது கதவுக்கு வெளியே உள்ள படி. அதில் ஏறி நின்றவுடன் கதவு திறக்கும் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். இரட்டை எஞ்சின், கருவிப் பறப்பு, டர்பைன், தொடர்ந்து பறக்கும் பழக்கம், நேர்மையான லாக் புக், நல்ல பெயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவருக்கே அது திறக்கிறது. அதற்கு உரிமம் வாங்கிய பிறகும் இரண்டு, மூன்று வருடம் ஆகலாம். அந்த வருடங்களுக்கான பணமும் பொறுமையும் குடும்பத்திடம் இருக்கிறதா என்று முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் பிள்ளையையும் வைத்துக்கொள்ளுங்கள். தன் வீட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளை, ஒவ்வொரு மணி நேரத்தையும் கவனமாகப் பறக்கும்.